யாவர்க்கும் ஒரே பீங்கான்

மாலை வேளையில் விருந்தினர் வந்தால் தேநீருடன் கட்லட் வைப்பது நம் நாட்டு இல்லங்களில் வழக்கம். மேல்நாட்டாரிடமிருந்து வந்த பண்டமாயினும், கறிவேப்பிலையும் மிளகும் பச்சை மிளகாயும் சேர்த்து நாம் அதனை நம்முடையதாக்கிக்கொண்டோம். ஆயினும், வீட்டிற் சலரோகம் உள்ள ஒருவர் இருப்பின், அப்பீங்கான் அவரைத் தாண்டியே செல்கின்றது.

எமது வீட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தந்தையாருக்குச் சலரோகம் என்று வைத்தியர் கூறிய நாள் முதல் அவருக்கெனத் தனிப் பீங்கான் ஒன்று வைக்கப்பட்டது. அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. “பிள்ளைகள் சாப்பிடட்டும்” என்று சொல்லிப் புதினத்தாளை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குச் சென்றுவிடுவார். நோயைக் காட்டிலும் அத்தனிமையே அவரை வருத்தியதென்பதை நாம் உணர்ந்தோம்.

கட்லட்டில் அவருக்கு ஆகாதது எது? மாணவர் பாடநூலிற் காபோவைதரேற்று எனப் படிக்கும் சத்து, கோழி இறைச்சியில் இல்லை எனலாம். இறைச்சியைச் சேர்த்துப் பிடிக்கும் உருளைக்கிழங்கிலும், தோய்க்கும் கோதுமை மாக் கரைசலிலும், மேலே புரட்டும் ரஸ்குத் தூளிலுமே அது நிறைந்துள்ளது. 100 கிராம் ரஸ்குத் தூளில் ஏறத்தாழ 70 கிராம் உண்டு. சீனி சேராத உலர்ந்த தேங்காய்ப்பூவிலோ ஏறத்தாழ 24 கிராமே. அதிலும் மூன்றில் இரு பங்கு சமிபாடடையாத நார்ப்பொருள்.

ஆகவே நாம் செய்யும் முறை இது. எலும்பு நீக்கிய கோழி இறைச்சி 500 கிராமை அரைத்து, உப்பிட்டு, கையில் ஒட்டும்வரை பிசையவேண்டும். உப்பினால் இறைச்சியின் புரதம் கரைந்து பசையாவதால் கிழங்கின் உதவி வேண்டியதில்லை. பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுதூள், ஒரு முட்டையின் மஞ்சட்கரு ஆகியவற்றைச் சேர்த்து, அரை அங்குலத் தடிப்பிற் தட்டி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். பின்னர் அடித்த வெள்ளைக்கருவில் தோய்த்து, தேங்காய்ப்பூவிற் புரட்டி, தாச்சியிற் சிறிதளவு எண்ணெய் விட்டு, மெல்லிய தீயில் இருபுறமும் பொரிக்கவேண்டும். தேங்காய்ப்பூ விரைவிற் கருகும். தீ கூடினால் மேற்புறம் கறுத்து உட்புறம் வேகாது நின்றுவிடும். கோழி இறைச்சியின் உள்வெப்பம் 74 பாகை செல்சியசை அடைதல் வேண்டும்.

தேங்காயிலும் எண்ணெயிலும் கொழுப்பு உண்டாதலால், தந்தையாருக்கு இரண்டே வைப்போம். மூன்றாவது தவறிவந்தால் அவரே அதனைப் பேரப்பிள்ளையின் பக்கம் தள்ளிவிடுவார். இன்னொன்றையும் கூறவேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர் காபோவைதரேற்றைத் திடீரெனக் குறைத்தால், குருதியிலுள்ள சீனி அளவுக்கு மீறித் தாழக்கூடும். வைத்தியரைக் கேட்ட பின்னரே உணவை மாற்றவேண்டும்.

ரஸ்குத் தூளின் மொறுமொறுப்பு இதில் முற்றாக வாராது. மணமோ அதனினும் மேல். சிறுவரும் விருந்தினரும் வேற்றுமை பாராட்டாது உண்கின்றனர். நோயாளிக்கெனப் புறம்பாகச் சமைப்பதிலும், அவருக்கு ஆகும் உணவையே சுவைபடச் சமைத்து யாவரும் கூடியுண்பது நன்று. நோய் ஒருவருக்கு வந்ததேனும், அதனைத் தாங்குவது குடும்பம் முழுவதற்கும் உரிய கடனன்றோ?