எந்த வேலைக்காக இந்தக் கடன்?

முதுகலைச் சமூகப்பணி படிக்க எவ்வளவு கடன் வாங்கலாம் என்று கேட்டால், வங்கி ஒரு பதில் வைத்திருக்கிறது: 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல், பெற்றோரின் கையெழுத்தோடு கிடைக்கும். ஆனால் கிடைக்கிற தொகை வேறு, தாங்குகிற தொகை வேறு. எந்த வேலையில் நிலைத்து நிற்க விரும்புகிறோமோ, அந்த வேலையின் முதல் மாதச் சம்பளத்திலிருந்து பின்னோக்கி வந்துதான் கடனின் அளவை முடிவு செய்ய வேண்டும். களத்தில் இருக்கும் எங்களுக்கு இதில் அக்கறை அதிகம். இந்தக் கணக்கு தப்பினால் இழப்பு மாணவருக்கு மட்டுமல்ல.

குழந்தைகள் பாதுகாப்பை எடுத்துக்கொள்வோம். மிஷன் வத்சல்யா திட்டத்தின் கீழ் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு ஆள் எடுக்கும்போது சமூகப்பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய் தொகுப்பூதியம் என்றே அறிவிப்புகள் வந்தன. எல்லாம் ஒப்பந்தப் பணி. இப்போது கடன் பக்கம் பார்ப்போம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 4 லட்சம் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 2 ஆண்டுகளிலும் அதன்பின் தரும் 1 ஆண்டு அவகாசத்திலும் தனிவட்டியே 1 லட்சம் ஏறிவிடும். அந்த 5 லட்சத்தை 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 6,600 ரூபாய். அதாவது 18,536-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மிச்சம் 12,000-க்கும் குறைவு. அறை வாடகை, பேருந்து, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். தவணைக் காலத்தை 15 ஆண்டுகளாக நீட்டினால் மாதச் சுமை 1,200 ரூபாய் போலக் குறையும், ஆனால் கட்டி முடிக்கும் மொத்தம் 9.5 லட்சத்தைத் தாண்டும். கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பார்கள். ஆண்டுக்கு 2,22,432 ரூபாய் வாங்குபவர் வருமான வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை. அவருக்கு அந்தச் சலுகையால் ஒரு பைசா பயனில்லை.

இந்தப் பணியிடங்களின் ஊதியம் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதில்லை. அரசு உதவி பெறும் பிரிவில் குறைந்த கட்டணத்தில் படித்தவருக்கும், சுயநிதிப் பிரிவில் பல மடங்கு கட்டியவருக்கும் ஒரே தொகுப்பூதியம்தான். செலவோ கட்டணத்தோடு முடிவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம் முழுநேர நிறுவனப் பயிற்சி என்று போகும் படிப்பு இது. போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் மாணவரின் கையிலிருந்து. பகுதிநேர வேலைக்கும் நேரம் கிடைக்காது. ஆகவே தவணை முதல் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதே என் அளவுகோல். 18,536-க்கு அது 1,850 ரூபாய்; வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் வாங்கக்கூடிய கடன் 1.1 லட்சம் அளவில் நிற்கும்.

சேவைக்கு வருகிறவர் காசுக் கணக்கு பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பார்த்தே ஆக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு குழந்தை, வாய் திறந்து பேச ஒரு முகத்தை நம்பப் பழக வேண்டும்; வாக்குமூலம், குழந்தைகள் நலக் குழு, நீதிமன்றம் என்று நீளும் வழியில் அதே முகம் கூட வர வேண்டும். தவணை கட்ட முடியாமல் பணியாளர் எட்டாம் மாதம் வேறு வேலைக்குப் போனால், அந்தக் குழந்தை புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. பணியாளரின் கடன் இப்படித்தான் குழந்தையின் தலையில் விழுகிறது.

பெரிய நிறுவனத்தில் படித்தால் பெரிய சம்பளம் வருமே என்பது அடுத்த வாதம். மனிதவளத் துறையிலும், 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்துக்குப் பின் வளர்ந்த பெருநிறுவனச் சமூகப் பொறுப்புத் துறையிலும் இது உண்மைதான். அங்கே போவதுதான் விருப்பம் என்றால் அந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடலாம், தவறே இல்லை. குழந்தைகளோடோ மனநலத்திலோ வேலை செய்ய ஆசைப்பட்டு, கடனை மட்டும் மனிதவளச் சம்பளத்தை நம்பி வாங்குவதுதான் ஆபத்து. அப்போது எந்தத் துறை என்பதை மாணவரின் விருப்பம் தீர்மானிக்காது, தவணைதான் தீர்மானிக்கும்.

வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை இந்த அளவுகோல் வெளியே நிறுத்திவிடாதா என்ற கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. நிறுத்தும், உதவித்தொகை இல்லாவிட்டால். 2018 பிப்ரவரியில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடியது பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டண உதவி திரும்பப் பெறப்பட்டதற்காகத்தான். வறுமையை உள்ளிருந்து அறிந்தவர்கள் இந்தத் தொழிலுக்குக் கட்டாயம் வேண்டும். அவர்களைப் பெரிய கடனோடு உள்ளே கொண்டுவருவது வரவேற்பு ஆகாது. உதவித்தொகையும், உதவி பெறும் பிரிவுகளில் கூடுதல் இடங்களும், களப்பணிக்குப் படியும், ஒப்பந்தப் பணியாளருக்கு நியாயமான ஊதியமும் கேட்டு வாங்குவது எங்கள் தொழில் சங்கங்களின் பொறுப்பு. அது நடக்கும்வரை, சேர்க்கைக்கு முன் ஒவ்வொரு மாணவரும் மூன்று எண்களை ஒரே தாளில் எழுதட்டும்: மொத்தச் செலவு, விரும்பும் வேலையின் முதல் சம்பளம், மாதத் தவணை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் மாற்ற வேண்டியது கல்லூரியை. ஆசைப்பட்ட வேலையை அல்ல.