குடல் சுவரில் காற்று

திருவண்ணாமலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உங்கள் வார்டில் இருக்கும் அந்த எச்.ஐ.வி. நோயாளியின் வயிற்றைத் திறக்காமல் காத்திருப்பது என்று உன் சீஃப் முடிவெடுத்தது சரிதான். போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நியூமடோசிஸ்', அதாவது குடல் சுவருக்குள் காற்று, என்று நான் எழுதினாலே குடல் அழுகிவிட்டது என்று சர்ஜரிக்காரர்கள் பதறுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்ற குடலிலும் இதே காற்று வருவதால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எய்ட்ஸ் முற்றியவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்ததும் கிரிப்டோஸ்போரிடியம், சைட்டோமெகலோவைரஸ் போன்ற கிருமிகள் குடலின் உள்தோலைப் புண்ணாக்குகின்றன. அந்த வழியாகக் காற்று சுவருக்குள் ஏறுகிறது. வலப்பக்கப் பெருங்குடலில்தான் அதிகம் பார்க்கிறோம். பலருக்குக் கத்தி படாமலே தணிந்துவிடுகிறது.

சி.டி. ஸ்கேனை லங் விண்டோவில் வைத்துப் பார். வழக்கமான விண்டோவில் கொழுப்பும் கறுப்பாகத் தெரிவதால் சிறு குமிழிகள் தப்பிவிடும். மலத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிய காற்றும் ஏமாற்றும். மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுப்பக்கச் சுவரிலும் காற்று இருந்தால் அது சுவருக்குள்தான் இருக்கிறது. அடுத்து கல்லீரலைப் பார். அங்கே காற்று விளிம்புவரை ஓடினால் போர்ட்டல் ரத்தக்குழாய்க் காற்று. நடுவிலேயே நின்றால் பித்தநாளத்துக் காற்று. போர்ட்டல் காற்றோடு, கான்ட்ராஸ்ட் ஏறாத குடல் சுவரோ ரத்தக்குழாய் அடைப்போ தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே.

பிறகு நோயாளியிடம் போ. வயிறு பலகைபோல் இறுகியிருக்கிறதா? லாக்டேட் ஏறுகிறதா? பி.பி. இறங்குகிறதா? எதுவும் இல்லையென்றால் வாய்வழி உணவை நிறுத்தி, டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், கிருமிக்கேற்ற மருந்து என்று போகலாம். ஆனால் சைட்டோமெகலோவைரஸ் குடலை ஓட்டையாக்கக் கூடியது. அதனால் வேளைக்கு வேளை நீயே வயிற்றைத் தொட்டுப் பார், நர்சிடம் விட்டுவிடாதே.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) இலவசம். தாம்பரம் அரசு மருத்துவமனை அதில் முன்னோடி. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த நிலை வருவது அபூர்வம். இத்தனை இருந்தும், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஏ.ஆர்.டி. மையத்துக்கே போகாதவர்களும் பாதியில் விட்டவர்களும்தான் என் ஸ்கேன் மேஜைக்கு வருகிறார்கள். வீட்டை விட்டு வந்து கிரிவலப் பாதையில் ஒதுங்கியவர்களிடம் பழைய மருந்துச் சீட்டுகூட இருப்பதில்லை.

வயிறு சரியானதும் டிஸ்சார்ஜ் எழுதி அனுப்பிவிடாதே தம்பி. ஏ.ஆர்.டி. மையத்துக்கு அவரை நீயே கூட்டிக்கொண்டு போய், மாத்திரை அவர் கைக்கு வந்தபிறகு அனுப்பு.

அன்புடன்,
அக்கா