நெல்லின் காவல்

நெற்பயிரின் இலை நுனியிலிருந்து மஞ்சளித்து, வைக்கோல் நிறமாய்க் கருகிக் கீழிறங்குவதை நாம் வயல்களிற் கண்டிருக்கிறோம். ஒருவகைப் பற்றீரியா விளைக்கும் நோய் அது. நமது குருதியிலே கிருமிகளைத் தேடித் திரியும் வெள்ளணுக்கள் உண்டு. வேரூன்றி நிற்கும் பயிருக்கோ அவை இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தன் வாயிலைத் தானே காக்கவேண்டும்.

அதற்கெனச் சில புரதங்கள் உயிரணுவின் மென்சவ்வை ஊடுருவி நிற்கின்றன. வாங்கிகள் என்பது அவற்றின் பெயர். வெளிப்புறம் நீண்ட பகுதி கிருமியின் அடையாளத்தைப் பற்றும். உட்பகுதி ஆபத்தை அறிவிக்கும். மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டுநெல்லில் இத்தகைய வாங்கியொன்று இருந்தது. அதற்குரிய பரம்பரையலகை 1995இல் அமெரிக்கப் பேராசிரியை பமீலா றொனால்டின் குழுவினர் பிரித்தெடுத்தனர்.

ஆனால் அது எதைக் கண்டு விழிக்கிறது? 2009இல் அவர்கள் ஒரு விடை கூறினர். பின்னர், ஆய்வுகூடத்துக் கிருமி வகைகளின் பெயர்கள் மாறிக் கிடந்தமை தெரியவந்தது. 2013இல் அக்கட்டுரையைத் தாமே மீட்டுக்கொண்டனர். உலகறியச் சொன்னதை உலகறியத் திரும்பப்பெறுவது எளிதா? கண்டுபிடிப்பினும் அச்செயலே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

மெய்யான அடையாளம் 2015இல் அகப்பட்டது. றாக்ஸ்-எக்ஸ் என்னும் சிறு புரதம் அது. வேடிக்கை என்னவெனில், பயிர் தன் வளர்ச்சிக்காகச் சுரக்கும் பொருளொன்றையே அது ஒத்திருக்கிறது. கள்வன் வீட்டாரின் குரலில் அழைக்கிறான்! இவ்வாங்கியுடைய நெல் அக்குரலை இனங்கண்டுகொள்கிறது. எனினும், றாக்ஸ்-எக்சைச் சற்றே மாற்றிக்கொண்டு இக்காவலைக் கடந்துவிடும் கிருமிகளும் உள.