952 அக்கா தங்கச்சிமாருக்கு

பிரிட்டனில் இருக்கும் சகோதரிகளே,

நெய்யாறு கடலில் சேரும் பூவாரிலிருந்து எழுதுகிறேன். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எங்கள் தமிழக-கேரள எல்லை ஊர்களில் கல்யாணம் முடிந்து வருடம் ஒன்று திரும்பினால், "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்காத வாய் கிடையாது. குழந்தை இல்லை என்று சிகிச்சைக்குப் போனால் முதலில் எடுக்கச் சொல்வதில் ஒன்று தைராய்டு ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பு குறைந்தால் கூடும் டி.எஸ்.எச். அளவு எனக்குச் சரியாக இருந்தது. ஆனால் தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி இருந்தது. "எதற்கும் இருக்கட்டும், ஒரு தைராய்டு மாத்திரை தாருங்கள்" என்று கெஞ்சினேன். டாக்டரம்மா தரவில்லை. உங்கள் கதையைச் சொன்னார்.

2011 முதல் 2016 வரை 49 மருத்துவமனைகளில், அந்த மாத்திரை குழந்தை பெற உதவுமா என்று பார்த்த ஆய்வு அது. பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்ததில் ஆய்வில் சேர்ந்தவர்கள் நீங்கள் 952 பேர். என்னைப் போலவே உங்களுக்கும் ஹார்மோன் அளவு சரி, ஆன்டிபாடி உண்டு. எல்லோருமே கரு கலைந்தோ, கரு தங்காமலோ தவித்தவர்கள். பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. பிள்ளைக்காக ஏங்குகிற நேரத்தில் இதற்குச் சம்மதிக்க எவ்வளவு மனசு வேண்டும்! நானாக இருந்தால் சம்மதித்திருப்பேனா, சொல்லத் தெரியவில்லை.

2019இல் முடிவு வந்தது. குழந்தை பெற்றவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதம், சாப்பிடாதவர்களில் 37.9. வித்தியாசமே இல்லை. சோதனைக்குழாய் முறைக்கு வந்த 600 சீனப் பெண்களிடமும் 2017இல் இதே விடைதான் கிடைத்திருந்தது.

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. ஆனாலும் தேவையில்லாத ஒரு மாத்திரையும், 'அதைச் சாப்பிட்டிருந்தால் தங்கியிருக்குமோ' என்ற உறுத்தலும் எனக்கு இல்லாமல் போனது உங்களால்தான். அதற்கு நன்றி.

இதைப் படிக்கும் நம்மூர்ப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. டி.எஸ்.எச். உண்மையிலேயே கூடியிருந்தால் கதை வேறு. அப்போது டாக்டர் சொன்னால் மாத்திரை கட்டாயம். கருமுட்டை வளர ஊசி போடும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறி, தைராய்டு ஹார்மோனின் தேவையும் கூடும். முதல் மூன்று மாதம் கருவுக்குத் தாயின் ஹார்மோன்தான் கதி. அதனால் என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். காலையில் கட்டன் சாயாவுக்கு முன், வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கரு தங்கியது தெரிந்த உடனே டாக்டரைப் பார்த்து அளவை மறுபடி பரிசோதியுங்கள். பெரும்பாலும் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.