வயலுக்குள் வந்த உலகக் கணக்கு

பருவம் தப்புவதைப் பற்றிக் காவிரிப் படுகை விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகியதைப் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து, தலைமுறையாக நின்ற தென்னைகளை ஒரே இரவில் சாய்த்ததையும் பார்த்தோம். எந்த வறட்சியை, எந்தப் புயலை எதன் கணக்கில் எழுதுவது என்பது விஞ்ஞானிகளின் வேலை. உலகம் சூடேறினால் முதலில் அடிபடுகிறவர்களில் நானும் ஒருவன் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கின் மறுபக்கத்திலும் என் வயல் இருக்கிறது என்பதை ஒரு விவசாயிகள் பயிற்சிக் கூட்டத்தில்தான் கேட்டேன்.

விஷயம் இதுதான். நடவு வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தும்போது சேற்றுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் தாளையும் வேரையும் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. நெல் தண்டின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாகவே அதில் பெரும்பகுதி மேலே போய்விடுகிறது. களை பறிக்க இறங்கும்போது காலடியில் குமிழ் குமிழாக வருவதிலும் அது இருக்கிறது. இருபது ஆண்டுக் காலத்தை வைத்துப் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குச் சோறு போடுகிறவனிடமா வந்து கணக்குக் கேட்கிறார்கள் என்று கோபம் வந்தது. பிறகு தேடிப் படித்தபோது, இந்தக் கோபத்துக்கு முன்பே குரல் கொடுத்தவர்கள் இருப்பது தெரிந்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-லேயே கேட்டிருக்கிறார்கள்: பிழைப்புக்காக நெல் விளைவிப்பவனின் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒன்றாக எண்ணலாமா? அதே ஆண்டு இந்திய விஞ்ஞானிகள் நாடெங்கும் வயல்களில் இறங்கி அளந்தார்கள். நம் நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் மீத்தேன்தான் வருகிறது என்று கண்டார்கள். வெளிநாட்டு மதிப்பீடு ஒன்று அதைவிடப் பல மடங்கு அதிகமாகச் சொல்லியிருந்தது. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனைக் குறைக்கும் உறுதிமொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன, இந்தியா சேரவில்லை. சிறு விவசாயிகளின் நெல்லும் மாடும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை.

அந்த நியாயத்தை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நியாயம் என் பக்கம் இருப்பதால் வயலிலிருந்து வாயு போவது நின்றுவிடவில்லை. என் கையால் ஆவது என்ன என்ற கேள்வி மிச்சமிருந்தது.

பதில் ஒரு பிவிசி குழாயில் இருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான குழாயின் அடிப்பாதியில் துளைகள் போட்டு வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது அதில் தெரியும். நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்கத் தண்ணீர் கட்டி வைக்கலாம். பிறகு தானாக வற்ற விட்டு, மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பக்கம் சொல்வதை, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அளந்து முறைப்படுத்தியிருக்கிறது. வற்றும்போது மண்ணுக்குள் காற்று போகிறது, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. ஒழுங்காகச் செய்தால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். தண்ணீரும் முப்பது சதவீதம் வரை மிச்சமாகும்.

கேட்க எளிது, வரப்பில் நின்று வயல் வற்றுவதைப் பார்ப்பது எளிதல்ல. "தண்ணி இல்லாத வயலப் பாத்தா வயித்தப் பிசையுதுடா" என்றார் அம்மா. வறட்சியைக் கண்ட யாருக்கும் அந்தப் பயம் இருக்கும். அவரைக் கூட்டிப் போய்க் குழாயைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "வேருக்கு எட்டுற தூரத்துலதான் நிக்குது" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு மோட்டாரை எப்போது போடலாம் என்று முடிவு செய்வது அவர்தான். தூர் நன்றாகக் கட்டியது, விளைச்சல் குறையவில்லை. களை கூடியது உண்மை. கோனோ வீடர் என்ற களைக் கருவியை ஓட்டிச் சமாளித்தோம். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இந்த ஈர உலர் மாற்றத்தில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வாயு கிளம்பும் என்பதால், இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் பிரித்துப் போடுகிறோம். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்பதால் கையில் காசாக எதுவும் மிஞ்சவில்லை. நிலத்தடியில் தண்ணீர் மிஞ்சுகிறது. கடல் உப்பு உள்ளே ஏறிவரும் பகுதிக்கு அது பெரிய சேமிப்பு.

இதில் நான் கற்றது ஒன்றுண்டு. உலகப் பிரச்சினை பழியாக வந்தபோது என் மனம் அதை வெளியே தள்ளியது. மடையைத் திறப்பதும் அடைப்பதுமான அன்றாட வேலையாக வந்தபோது, அது என்னுடையதாகிவிட்டது. சமையலறை, பட்டறை, அலுவலகம், கடை என எங்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஆனால் தனி ஆள் செய்வதற்கு எல்லை உண்டு. ஆழ்குழாய் உள்ளவன் தைரியமாக வயலைக் காயவிடலாம். கடைமடையில் ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பியிருப்பவன் எப்படி விடுவான்? அடுத்த முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அவனும் விடுவான். அரசு வாய்க்காலைத் தூர்வாரி, முறைத் தண்ணீரைச் சொன்ன நாளில் கடைமடை வரை கொண்டுவந்து சேர்க்கட்டும். காற்றுக்கு நாங்கள் செய்ய வேண்டியதை நாங்கள் செய்வோம்.