பழைய லெப்டொப்பை எறியாதீங்க



2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு மருதனார்மடத்தில் ஆசிரியர்கள் பலர் தங்கள் பழைய லெப்டொப்போடு என்னிடம் வருகிறார்கள். டி.பி.எம். 2.0 இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது. புதிசு வாங்க எங்கட சம்பளம் காணாது. ஆனால் மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். காசும் இல்லை, கிராக்கும் இல்லை. 4 ஜி.பி. ராம் இருந்தால் தாராளம்.

"கறுப்புத் திரையில கொமாண்ட் அடிக்கோணுமோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். உண்மையான பயம் வேறு. ஓய்வுபெற இருக்கும் ஒரு டீச்சர் அதைச் சொன்னார்: "என்ர வினாத்தாள் எல்லாம் பாமினியில கிடக்கு தம்பி. அதுகள் போயிடுமோ?"

போகாது. பாமினி ஒரு எழுத்துரு மட்டுமே. அந்தக் கோப்பை லினக்ஸில் நிறுவி, லிப்ரே ஒபிஸில் வினாத்தாளைத் திறந்து காட்டினேன். ஓர் அட்டவணை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. "அப்ப சரி" என்றார். யுனிகோட்டில் அடிக்க ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று கலாசாலையில் படித்தோமே, அதுதான் இங்கும் முறை.

1. முதல் ஒரு மாதம் விண்டோஸிலேயே லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் பாவியுங்கள்.
2. பிறகு பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓடவிட்டு வைபை, பிரிண்டர், புரொஜெக்டர் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது.
3. கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்த பிறகே நிறுவுங்கள். முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவினால் பழையது திரும்ப வராது.

போட்டோஷொப், பேஜ்மேக்கர் இல்லாமல் பிழைப்பு ஓடாதவர்களுக்கு நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பிடிக்காத ஒன்றைத் தலையில் கட்டினால் அடுத்த கிழமை திரும்பக் கொண்டு வருவார்கள்.

இது படித்த ஆட்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் அரச பாடசாலைப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைப் பரீட்சையையே லினக்ஸில்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கும் முடியும்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். வருகிறவர்கள் சார்ஜரையும் வெளி டிஸ்க்கையும் மறக்காமல் கொண்டு வாங்க. தேத்தண்ணி நான் தாறன்.