கண்ணுக்கு எதிரே கொல்லிமலை

பிரயாணத்தில் மிகவும் சுகமான பகுதி எது தெரியுமா? கிளம்புவதற்கு முந்தின நாட்கள்தான் என்பேன் நான். அப்போது கால் வலிக்காது, மழை பிடிக்காது, பஸ் தவறாது. ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும். உட்கார்ந்த இடத்திலிருந்தே மலை ஏறி இறங்கிவிடலாம்.

எங்கள் காரியாலயத்தில் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போகப் போகிறேன் என்று மூன்று மாதமாக ஒரே அமர்க்களம். இன்கா மன்னர்கள் மலை உச்சியில் கட்டிய நகரம் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். எல்லாரும் போகிற மச்சு பிச்சு இல்லை. அதற்குத்தான் ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றனவே! இவள் போக நினைப்பது சோக்கேகிராவ் என்ற இடம். அந்த ஊர்ப் பாஷையில் 'பொன் தொட்டில்' என்று அர்த்தமாம். ரயில் கிடையாது, மோட்டார் கிடையாது. அபுரிமாக் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்க் கரையில் ஏறி, இரண்டு நாள் நடந்தால்தான் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,000 அடி உயரம். நகரத்தின் பெரும் பகுதியைக் காடு இன்னும் மூடிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

அவள் போட்ட ஜாபிதாவைப் பார்த்து நான் அசந்து போனேன். செருப்புக்கு ஒரு பக்கம், மருந்துக்கு ஒரு பக்கம், கொசுவுக்கு ஒரு பக்கம்!

அடுத்த தடவை சேந்தமங்கலத்துக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே சாமி இருக்குதா கண்ணு?" என்றாள்.

"இருந்தது அம்மா. இப்போது பூஜை ஒன்றும் கிடையாது. வெறும் கல்தான்."

அம்மா கிழக்கே நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் வீட்டு மாடியில் நின்றால், நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைக்காவிட்டாலும், கொல்லிமலை கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். காலையில் நீலமாக, மத்தியானம் சாம்பலாக, அந்தியில் கறுப்பாக.

"பூசை இல்லாத கோயிலைப் பார்க்க அவ்வளவு தூரம் போறாங்க. பூசை நடக்கிற கோயில் இதோ எதிர்லே இருக்குது. நான் இன்னும் போகலை" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வடகம் காய்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

விஷயம் இதுதான். எனக்கு நாலு வயதில் டைபாய்டு ஜுரம் வந்தது. இருபத்தோரு நாள் கண் திறக்கவில்லையாம். அம்மா இதே மாடியில் நின்று, அந்த மலையைப் பார்த்து, "அறப்பளீசுவரா, இவளைக் காப்பாத்து. உன் சந்நிதிக்கு அழைச்சுட்டு வந்து ஆகாய கங்கையிலே முழுக்காட்டறேன்" என்று வேண்டிக்கொண்டு, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். நான் பிழைத்தேன், பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், பட்டணத்தில் வேலைக்கும் போய்விட்டேன். மஞ்சள் துணி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அப்பா போகாதவர் அல்ல. வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்குச் சிநேகிதர்களோடு மலை ஏறிவிடுவார். முதல் நாள் இரவே அம்மா புளியோதரை கிளறி, வாழை இலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தருவாள். அவர் திரும்பி வரும்போது மலை வாழைப்பழமும் அன்னாசியும் தேனும் வரும். அம்மா போகிறேன் என்றால், "அந்த வழி பொம்பளைகளுக்குச் சரிப்படாது. அடுத்த ஆடிக்குப் பார்க்கலாம்" என்பார். முப்பது ஆடி அப்படிப் போயிற்று. அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வழி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அங்கிருந்து அடிவாரத்துக் காரவள்ளி. அதுவரை சமவெளி. காரவள்ளியில் ஆரம்பிக்கின்றன வளைவுகள். கொண்டை ஊசி போல மடங்கி மடங்கி மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருக்கிறார்கள். ஏறி முடித்தால் சோளக்காடு, பிறகு செம்மேடு. அதற்கப்பால் வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூர். அங்கேதான் அறப்பளீசுவரர் கோயில். பஸ் இருக்கிறது என்றாலும், அம்மாவின் முழங்காலை உத்தேசித்து வாடகைக் கார் என்று முடிவு செய்தேன்.

'நாடு' என்றதும் பயந்துவிடாதீர்கள். கொல்லிமலையில் ஊர்க் கூட்டத்துக்கு நாடு என்று பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினாலு நாடு சொல்வார்கள். மலையாளிகள் என்ற மலைவாசிகள்தான் அங்கே பூர்வ குடிகள். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. மலையை ஆளுகிறவர்கள், அவ்வளவுதான். சாமையும் தினையும் ராகியும் அவர்கள் பயிர். இப்போது மிளகும் காப்பியும் மரவள்ளியும் சேர்ந்திருக்கின்றன.

அடுத்தது, பார்க்க வேண்டிய இடங்கள். இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். அறப்பளீசுவரர், ஆகாய கங்கை, எட்டுக்கை அம்மன், மாசி பெரியசாமி, சீக்குப்பாறையிலிருந்து சமவெளியைப் பார்ப்பது, வாசலூர்ப்பட்டி படகுத் துறை, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை, தாவரவியல் தோட்டம், சோளக்காட்டுச் சந்தை என்று எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் ஒரே நாளில்!

வல்வில் ஓரியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்தக் கொல்லிமலைத் தலைவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் போய்த் தைத்ததாம். வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த மகாவீரனுடைய அம்பே ஐந்தோடு நின்றுவிட்டது. என் அம்பு ஒன்பதைத் துளைக்கப் பார்த்தது!

ஜாபிதாவை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எட்டுக்கை அம்மன் வந்ததும் நிறுத்தினேன். சங்க நூல்களில் வருகிற கொல்லிப்பாவை இந்த அம்மன்தான் என்று மலையில் சொல்லுகிறார்கள். அழகான பாவை, பார்த்தவர்களைப் புன்னகையாலே மயக்கிக் கொன்றுவிடும் என்பது பழைய கதை. கல்லூரியில் படித்ததையெல்லாம் பிரமாதமாக எடுத்துச் சொன்னேன்.

அம்மா கேட்டாள்: "யாரைக் கொல்லும்? ஆம்பளைங்களையா?"

"அப்படித்தான் கதை."

"அப்போ அந்த வழி யாருக்குச் சரிப்படாதாம்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்! அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "உங்கப்பா முப்பது தடவை முழுசாத் திரும்பி வந்தாரே, அதுதான் ஆச்சரியம்."

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா? அண்டை வீட்டு அத்தை, "எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்" என்றாள். சித்தப்பா, "ஆடியிலே போ, அப்போதான் விசேஷம்" என்றார். வாஸ்தவம்தான். ஆடிப் பதினேழு, பதினெட்டில் ஓரி விழாவும் நடக்கிறது. கூட்டமோ சொல்லி முடியாது. அந்த நெரிசலில் அம்மாவை எங்கே உட்கார வைப்பது? மழைக் காலத்திலோ அருவியில் வெள்ளம் வந்தால் இறங்க விடமாட்டார்கள். ஆகவே மழை ஓய்ந்து, தண்ணீர் வற்றாத தை மாதம், வாரத்தின் நடுவில் ஒரு நாள் என்று குறித்தேன்.

உருப்படியான யோசனை சொன்னவர் கார் ஓட்டுகிற தம்பிதான். "அம்மாவை முன் சீட்டிலே உட்கார வையுங்க. வளைவிலே கண்ணை மூடக் கூடாது, ரோட்டையே பார்க்கணும். காலையிலே இரண்டு இட்லிக்கு மேலே வேண்டாம். ஆறு மணிக்குக் கிளம்பினா, பொழுது சாயறதுக்குள்ளே இறங்கிடலாம், பனி மூடாது. தின்பண்டத்தை வெளியிலே காட்டாதீங்க, குரங்கு விடாது." இன்கா நகரத்து ஜாபிதாவில்கூட இவ்வளவு தெளிவு இல்லை.

எல்லாம் சரி. ஆகாய கங்கைக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது.

கோயிலுக்கு அருகிலிருந்து அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், சில இடங்களில் செங்குத்து. இறங்கினால் ஏற வேண்டுமே! வாலிபப் பிள்ளைகளே மூச்சு வாங்க நின்று நின்று ஏறுகிறார்கள். அம்மாவின் முழங்காலோ எங்கள் வீட்டு மாடிப்படி பதினெட்டுக்கே முனகுகிறது. டாக்டரிடம் கேட்டேன். "கோயிலுக்குப் போகட்டும், அருவிப் படி கூடவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேண்டுதலோ ஆகாய கங்கையில் முழுக்காட்டுவதாக. இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. பத்து வருஷத்துக்கு முன் அழைத்துப் போயிருந்தால் இறங்கியிருப்பாளே! அப்பா அடுத்த ஆடி என்றார், சரி. நான் மட்டும் என்ன செய்தேன்? 'அடுத்த லீவுக்கு' என்றேன். வார்த்தைதான் வேறு. ஊர் ஊராகப் போய் எத்தனையோ கோயில்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எதிரே இருக்கிற கோயிலைப் பற்றி ஒரு வரி எழுதினதில்லை.

தேவாரத்தில் 'வைப்புத் தலம்' என்று ஒரு வகை உண்டு. தனிப் பதிகம் இல்லாமல், வேறு பாட்டின் நடுவே பெயர் மட்டும் வருகிற ஊர்களுக்கு அப்படிப் பெயர். அறப்பள்ளியும் அப்படித்தான், அப்பர் சுவாமிகள் பெயர் சொல்லி நினைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. எங்கள் வீட்டில் அவளுடைய ஆசையும் ஒரு வைப்புத் தலம்தான். எத்தனையோ பேச்சுக்கு நடுவில் பெயர் மட்டும் வரும். அதற்கென்று ஒரு நாள் யாரும் ஒதுக்கவில்லை.

மூன்றாம் நாள் தைரியமாக உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, நீ படி இறங்கக் கூடாதாம்."

அம்மா துளியும் கலங்கவில்லை. "கோயிலை ஒட்டி ஓடறது எந்த ஆறு?"

"ஐயாறு."

"அருவியா விழறது?"

"அதுவும் ஐயாறுதான்."

"அப்புறம் என்ன? ஓடற தண்ணி வேறே, விழற தண்ணி வேறேயா? நான் மேலே ஆத்திலே காலை நனைச்சுக்கிட்டு, மீனுக்குப் பொரி போடறேன். வேண்டுதல் உனக்குத்தானே, நீ இறங்கி முழுகிட்டு வா."

அந்த மீன்களுக்கும் ஒரு கதை உண்டு. சமைப்பதற்காக அறுத்த மீனைச் சுவாமி பொருந்த வைத்து, மறுபடி ஆற்றில் துள்ள விட்டார் என்பது தல ஐதிகம். அதனால் அங்கே மீன்களுக்கு உணவிட்டு வணங்குகிறார்கள்.

"நான் இறங்கி ஏற நேரமாகுமே. அதுவரை நீ தனியாக எப்படி..." என்று இழுத்தேன்.

"முப்பது வருஷம் கீழே உட்கார்ந்து காத்துக்கிட்டு இருந்தேன், கண்ணு. மேலே உட்கார்ந்து ஒரு மூணு மணி நேரம் காத்திருக்க மாட்டேனா?" என்றாள் அம்மா.

எனக்குப் பேச்சு எழவில்லை. பென்சிலை எடுத்து ஒன்பது இடங்களில் ஏழை அடித்துவிட்டேன். கோயில், அருவி, இரண்டே இரண்டு. மற்றவை எங்கேயும் ஓடிப் போகா.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மாடியிலிருந்தும் ஏதாவது ஒரு மலை தெரியலாம். மலை இல்லாவிட்டால் ஒரு கோயில், ஒரு கடற்கரை, பிறந்த ஊர். வீட்டில் யாராவது பேச்சுவாக்கில் அதன் பெயரைச் சொன்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு வளைவுக்கு ஒரு வருஷம் என்று தள்ளிப் போட்டால், எழுபது வளைவுக்கு யாருக்கு ஆயுசு இருக்கிறது?

என் சிநேகிதி பெருவுக்குக் கிளம்புவதற்கு முன் நாங்கள் கிளம்பிவிடுவோம். தேதி வைத்தாயிற்று, காருக்கும் சொல்லியாயிற்று. மஞ்சள் துணியை அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி முடிந்து தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நேற்றிரவு தொலைபேசியில் பேசினாள். எத்தனை பொட்டலம் கட்டுவது என்பதில்தான் அவளுக்கு இப்போது கவலை.

"உனக்கு ஒண்ணு. டிரைவர் தம்பிக்கு ஒண்ணு, அது சின்ன வயசு, இரண்டாவே வைக்கலாம்" என்று எண்ணிக்கொண்டே வந்தவள், சற்று நின்றாள். பிறகு, முப்பது வருஷமாகச் சொல்லாத கணக்கைச் சொன்னாள்:

"எனக்கும் ஒண்ணு."